மடித்துவிட்ட டேப் முனை

அவள் ஜெனரேட்டர் ரூமுக்குள் காலை வைத்தாலே ஆபரேட்டர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். முதுகுக்குப் பின்னால் 'டமார் அக்கா' என்பார்கள். மிஷினில் கோளாறு வந்துவிட்டது என்று, கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலேயை நம்பவைப்பதுதான் அவள் வேலை. கொண்டுவந்த பெட்டியிலிருந்து கரண்டை ஏற்றுவாள். ரிலே விழித்துக்கொண்டு, கரண்டை வெட்டும் பிரேக்கரை டமாரென்று தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் என்றைக்காவது ஓர் ஆள் போவான், அவ்வளவுதான் விஷயம்.

இந்தத் தடவை வாய்த்தது ஒரு நூல் மில். அங்கே ஜெனரேட்டர் ஆபரேட்டர் வேறு யாருமில்லை, அவள் கட்டிக்கொண்ட மனுஷன். "வேற யாரையாவது அனுப்புங்களேன்" என்று தன் டெஸ்டிங் கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். ஆளில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

மூன்று ஃபேஸ் சோதனையிலும் பிரேக்கர் சொன்னபடி விழுந்தது. கடைசியாக எர்த் ஃபால்ட். கரண்டு மிஷின் உடம்புக்குக் கசிந்தால் நிறுத்த வேண்டிய காவல். குமிழைத் திருப்பினாள். ரிலேயில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கரோ சட்டையே செய்யவில்லை. மறுபடி திருப்பினாள். ஊஹூம்.

பேனலைத் திறந்து பார்த்தாள். ரிலேயிலிருந்து பிரேக்கருக்குப் போகும் டிரிப் ஒயரைக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கியிருந்தது. பிறகு உரிக்கத் தோதாக டேப்பின் முனை மடித்துவிடப்பட்டிருந்தது. வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒயரிலும் இதே மடிப்புதான், மிக்ஸியிலும் இதேதான். அட பாவி மனுஷா!

திரும்பினாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மழை பெஞ்சா சும்மா சும்மா விழுதுடி. மில்லு நின்னா எங்கிட்டதானே குதிக்கிறாங்க. சத்தமில்லாம மாட்டிட்டுப் போயேன், யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்த மழைக்கு மறுபடி கழட்டுவீங்க. அந்த மிஷின் மேல சாஞ்சுக்கிட்டு டீ குடிக்கிற ஆள் யாருங்க?"

அவர் பேனலை விட்டு விலகி நின்றார்.

அவள் ஒயரை மாட்டித் திருகினாள், கரண்டை ஏற்றினாள். டமார்! சத்தம் கேட்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாம்மா?"

"இப்ப சரி சார். எர்த் ஃபால்ட் ஒயர் கழண்டு கிடந்துச்சு."

"தானா கழண்டுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் அடுப்பு வழக்கம்போல எரியும். புருஷனின் கண் கெஞ்சியது.

"இல்ல சார். கழட்டுனது என் வீட்டுக்காரர்."

அன்றைக்கே அவர் வேலை போய்விட்டது. சேதி கேட்டு மறுநாளே நாத்தனார் வந்து இறங்கினாள்.

"கட்டின புருஷன் பொழைப்புலயே மண்ணள்ளிப் போட்டியே, நல்லா இருக்கா? எந்தம்பி நேத்துலேர்ந்து உங்கூட பேசவே இல்லையாமே!"

அவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பேசாட்டி என்ன அண்ணி? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்கார ஆளு இருக்காருல்ல" என்றாள் அவள்.