அட்டைக்கு முதலில் வாய்

ஸ்கேனில் கரு தெரிந்தது, துடிப்பு தெரியவில்லை. நாள் கணக்கு தப்பியிருக்கலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார் கட்டப்பனை டாக்டர். போன முறை கரு தங்காமல் போனவள் நான். மறுநாள் வண்டன்மேட்டுப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் எடுக்க வேண்டிய பாடம், கருவின் அடுக்குகள். விதிக்கு வேறு வேலையே கிடையாது.

"ஜெல்லி மீனுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டே அடுக்கு. நடு அடுக்கு கிடையாது, அதனால் இதயமும் கிடையாது" என்றேன். நமக்கு மூன்று. எலும்பு, சதை, இதயம் எல்லாம் நடு அடுக்கு தருவது. வருடாவருடம் சொல்வதுதான். அன்று 'இதயம்' என்ற சொல்லோடு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலை, ஏலத்தோட்டத்திலிருந்து வந்த என் மாமியார் வாசலில் உட்கார்ந்து காலிலிருந்த அட்டைகளை நகத்தால் நெம்பி ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் இங்கே எல்லார் மடியிலும் உப்புப் பொட்டலம் இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால் அட்டை சுருண்டு செத்துவிடும்.

"உப்பு எங்க அத்தை?"

"வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுல உசுரக் கொல்லக் கூடாது தாயி."

கால் முழுக்க ரத்தம். எனக்குக் கோபம் வந்தது. "அட்டைக்கும் என் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, சம்பந்தம் இருக்கிறது. அட்டையும் மூன்றடுக்குதான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதலில் எல்லாமே ஒரு சின்ன உருண்டை, அதில் ஒரு குழி விழும். அட்டைக்கு அந்தக் குழி வாயாகும். நமக்குப் பின்வாசலாகும், வாய் பிறகுதான். கடலில் கிடக்கிற நட்சத்திர மீன்கூட இதில் நம் கட்சி. கண்ணும் காலும் வருவதற்கு முன்பே, ஒரு குழியில் வழி பிரிந்திருக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே மெய் சிலிர்த்தது.

"பிந்தி வந்த வாய்க்கே இம்புட்டுப் பேச்சா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் திரையில் கரு ஏலக்காய் அளவில் கிடந்தது. முகம்கூடத் தெளியவில்லை. நடுவில் ஒரு புள்ளி விடாமல் துடித்தது. நான் பயந்துகொண்டிருந்த நாட்களில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடு அடுக்கு தன் வேலையை முடித்திருந்தது. கும்பிடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில்தான் இருந்தார். காலில் ஒரு அட்டை.

"துடிக்குது அத்தை."

நெம்பப் போன விரலை எடுத்துவிட்டார். கண் நிறைந்திருந்தது.

"குடிச்சிட்டே போகட்டும் தாயி. அதுக்கு வாய்தான மொதல்ல."