கீறல் விழாத பியானோ

பிரேசர் டவுன் பள்ளி ஒன்றில் நான் இசை ஆசிரியை. மாணவர் போட்டிகளுக்கு எங்கள் பியானோவை டெம்போ வேனில் ஏற்றி இறக்குபவர் மர்பி டவுன் சேகர்.

அன்று போட்டிக்குக் கிளம்பும்போது, பியானோவைக் கட்ட அவர் கயிற்றை எடுத்ததும் தடுத்தேன். பாலிஷ் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"கட்டினா கீறல் விழும்ணா. பின்னாடி உக்காந்து புடிச்சுக்கோங்க, பக்கம்தானே."

"அடியில சக்கரம் இருக்கு மிஸ், உருளும்" என்றார். ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அல்சூர் ஏரித் திருப்பத்தில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். பின்னால் தடாலென்று சத்தம். இறங்கி ஓடினேன். சேகரின் வலது கை பியானோவுக்கும் வண்டியின் இரும்புத் தடுப்புக்கும் நடுவே சிக்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகும், "பியானோவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அதுக்கு ஒண்ணும் ஆகல மிஸ். கைய எடுக்க முடியல, கொஞ்சம் தள்ளுங்க."

அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் போட்டிக்குப் போனேன். பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். அவருக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் நானே கயிறு கட்டச் சொல்கிறேன். பியானோவின் பக்கமெல்லாம் கீறல்கள். மறுபடி பாலிஷ் போடலாமா என்று பள்ளியில் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். அவற்றில் ஒரே ஒரு கீறலை அன்றைக்கே விழ விட்டிருக்கலாம்.