துணிக்குப் பின்னால் இரண்டு கைகள்

பகல் பதினொன்று இருபது. இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. என் தொழிலில் இருக்கிறவன் ஞாபகத்தை நம்பமாட்டான். படத்திலேயே இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று ஜேடர்பாளையம் ஆற்றங்கரைத் தோப்பில், என் கூடாரத்தில் எடுத்த குடும்பப் படம் அது. நடுவில் நிற்கும் இளைஞனின் இடது மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம். அவன் முகத்தைவிட அது தெளிவாக விழுந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் முட்களைப் படிக்கலாம். அந்த நிமிஷத்திலிருந்துதான் எல்லாம் கெடத் தொடங்கியது.

கடிகாரம் என்னுடையது. அவன் போட்டிருந்த கோட்டும் என்னுடையது. காலில் இருந்த பூட்ஸும் என்னுடையதுதான். அது யார் காலுக்கும் சேராது. ஆனால் படத்தில் பூட்ஸ் கடிப்பதில்லை. நாமக்கல்லிலிருந்து பரமத்தி வரை எத்தனை வீட்டுச் சுவர்களில் அந்த ஒரே கோட்டு தொங்குகிறதோ, எனக்கே தெரியாது. வரப்புச் சண்டையில் மண்டையை உடைத்துக்கொண்ட பங்காளிகள் இருவர் அதே கோட்டுக்குள் தனித்தனியே புகுந்து, தனித்தனியே கம்பீரமாக நின்றிருக்கிறார்கள்.

பின்னால் ஒரு திரை. நாடகக்காரர்களுக்குத் திரை எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தது. பளிங்குப் படிக்கட்டு, ஒரு ஏரி, ஏரியில் அன்னம். அவர் அன்னத்தைப் பார்த்ததில்லை என்பதால் அது வாத்தாக முடிந்திருந்தது. நூறடி தூரத்தில் காவேரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருக்க, ஜனங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வாத்து நீந்தும் ஏரிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் குறை சொல்லவில்லை. அதில்தான் சாப்பிட்டேன்.

குடும்பங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கூடாரத்தில் தெரிந்துகொண்டதுதான். வந்ததும் யார் உட்காருவது, யார் நிற்பது என்று ஆரம்பிப்பார்கள். மூத்தவன் இளையவன் பக்கத்தில் நிற்கமாட்டான். மாமியார் மருமகளின் தோடு மறைகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்வாள். நான் லென்ஸ் மூடியைக் கையில் எடுத்து, "எல்லாரும் இங்கே பாருங்க, சண்டையைப் பொறகு வெச்சுக்கலாம்" என்பேன். இரண்டு விநாடி அமைதி. மூடியைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தைக் காட்டி, "அந்தக் காலத்துல நாங்க எப்படி ஒத்துமையா இருந்தோம் பாருங்க" என்று என்னிடமே சொல்வார்கள். ஆமாம் என்பேன். இரண்டு விநாடி ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். அதற்கு நான் சாட்சி.

குழந்தைகளை எடுப்பது வேறு வகைக் கஷ்டம். அம்மா மடியில் வைத்து எடுக்கலாம்தான். ஆனால் வாரிசு அம்மா மடியில் இருந்தால் அது என்ன வாரிசு? தனியாக, நாற்காலியில், ராஜா மாதிரி உட்கார வேண்டும். ஆறு மாதக் குழந்தை ராஜா மாதிரி உட்காராது. ஈர மண் மாதிரி சரியும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். நாற்காலி முழுக்கக் கனமான கருநீலத் துணியைப் போர்த்துவேன். துணியில் இரண்டு கிழிசல். பின்னால் முக்காலியில் ஒருத்தி குறுகி உட்கார்ந்து, கிழிசல் வழியாகக் கைகளை நீட்டி, குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். குழந்தையின் சட்டை விரல்களை மறைத்துவிடும். படத்தில் குழந்தை தானே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். "எங்க பையனுக்கு ஆறு மாசத்துலயே முதுகு நின்னுருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்கள்.

பின்னால் உட்காருகிறவள் என் மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பெரியவர்கள் கை வெளியே தெரியும். அவள் கை சின்னது. அதோடு, அவள் பிடித்தால் குழந்தைகள் அழுவதில்லை. என்ன செய்வாளோ, துணிக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஏதோ முணுமுணுப்பாள். வேலை நேரத்தில் நான் அவளிடம் பேசியது மூன்று வாக்கியம்தான்: "குனி." "கையை நீட்டு." "மூச்சு விடாதே, துணி ஆடுது."

அன்றைய குடும்பம் நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வில்வண்டியில் வந்திருந்தது. ஒரு பெரியவர், அவர் மகன், மருமகள், ஏழு வருஷம் காத்திருந்து பிறந்த ஆண் குழந்தை. மொட்டையடிப்பதற்கு முன்னால் முடியோடு ஒரு படம் வேண்டுமாம். காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆனால் பெரியவருக்குத் துணிச்சல் வரவில்லை. புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, நான் மற்றவர்களை எடுப்பதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கப்பட்டவர்கள் யாரும் விழுந்து சாகவில்லை என்று உறுதியானதும் எழுந்து வந்தார்.

"ஏனுங்க, படம் புடிச்சா ஆயுசு கொறையும்ங்கறாங்களே, நெசமுங்களா?"

"அப்படியிருந்தா கலெக்டருங்கெல்லாம் எப்பவோ போயிருக்கோணுமே" என்றேன்.

"கலெக்டரு போனா இன்னொருத்தரு வருவாருங்க. எம் பேரன் போனா ஆரு வருவா?"

மருமகள் குழந்தையின் கன்னத்தில் ரூபாய் அகலத்துக்கு மை வைத்தாள். "குனி" என்றேன். "கையை நீட்டு" என்றேன். மூடியை எடுத்தேன், எண்ணினேன், போட்டேன். பதினொன்று இருபது.

அடுத்து எடப்பாடித் தறிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். பெரியவரின் மகனிடமிருந்து கோட்டைக் கழற்றித் தறிக்காரருக்கு மாட்டிவிட்டு, கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அந்தத் துணிக்குள் போய்விட்டால் உலகம் தலைகீழாக, அமைதியாக, அழகாக இருக்கும். வெளியே என் மகள் "அப்பா" என்று கூப்பிட்டு ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியாது. தறிக்காரரின் மீசை நிழலில் விழுந்துகொண்டிருந்தது. "ம்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஜோடிகள். குழந்தை இல்லாததால் அவள் தேவைப்படவில்லை. தேவைப்படாததால் நினைப்பும் வரவில்லை. பிறகு ஒரு குழந்தை வந்தது. நாற்காலியில் வைத்தார்கள். "கையை நீட்டு" என்றேன். கிழிசல்களில் கை வரவில்லை. "கையை நீட்டுன்னு சொல்றேன்ல" என்று கத்தினேன். குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்து தொப்பென்று அதன் அப்பன் கையில் விழுந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தேன். முக்காலி காலியாக இருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். ராட்டினத்துக்கு ஓடியிருப்பாள், வரட்டும் என்றிருந்தேன். ஆற்றில் குளித்துவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தோடு மனைவி வந்தாள்.

"புள்ள எங்கீங்க?"

"உன்கூட வரலையா?"

அவள் பாத்திரத்தை அப்படியே மணலில் வைத்தாள்.

ராட்டினத்தில் இல்லை. வளையல் கடையில் இல்லை. கோயிலில் இல்லை. திரும்பி வந்தபோது படித்துறையில் கூட்டம் கூடியிருந்தது. மஞ்சள் தாலிச் சரடு மாற்ற வந்த பெண்களில் ஒருத்தி, ஒரு பாவாடைச் சிறுமி தனியாகத் தண்ணீர் ஓரமாக நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். மேட்டூரில் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் அணைக்கட்டின் மேல் வழிந்து, பேச்சுக் கேட்காத இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. பரிசல்காரர்கள் இரண்டு பேர் நான் கேட்பதற்கு முன்பே பரிசலைத் தள்ளினார்கள்.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் சின்ன நோட்டை எடுத்தார்.

"வயசு?"

"பதினொன்று."

"கருப்பா, செவப்பா?"

"நடுத்தரம்."

"என்ன துணி?"

"பாவாடை."

"ஜில்லா பூரா பாவாடைதான் ஐயா. என்ன கலர்?"

எந்தச் சேலைக்கரை படத்தில் கருப்பாக விழும், எது சாம்பலாக விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவன் நான். காலை ஆறு மணியிலிருந்து என்னோடு இருந்த பெண்ணின் பாவாடை நிறம் எனக்குத் தெரியவில்லை.

"மாம்பழக் கலருங்க" என்றாள் என் மனைவி. "போன தீவாளிக்கு எடுத்தது. எடது காதுக்குக் கீழ ஒரு மச்சமிருக்கும்."

அந்த மச்சம் எனக்குப் புதிய செய்தி. ஊரார் மச்சங்களைப் படத்தின் கண்ணாடி பிளேட்டின் மேல் பென்சிலால் எடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறவனுக்குச் சொந்த வீட்டு மச்சம் தெரியவில்லை.

"ஒரு போட்டோ இருந்தாக் குடுங்க, நாலு பக்கமும் காட்டச் சொல்றேன்" என்றவர், தானே சிரித்துவிட்டார். "யாரப் பாத்துக் கேக்கறேன் பாருங்க!"

"இல்லீங்க" என்றேன்.

"வெளையாடாதீங்க ஐயா. நேரமில்ல."

அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? நாமக்கல்லில் என் ஸ்டூடியோவில் அலமாரி அலமாரியாகக் கண்ணாடி பிளேட்டுகள். கழுதைக்கு மாலை போட்டு எடுத்த படம்கூட உண்டு. அதன் சொந்தக்காரன் பந்தயத்தில் ஜெயித்திருந்தான். என் மகள் படம் இல்லை. பிளேட் கொள்ளை விலை, தீபாவளிக்கு எடுக்கலாம், பொங்கலுக்கு எடுக்கலாம், வீட்டில்தானே இருக்கிறாள். இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நூறு வீட்டுச் சுவர்களில் அவள் இருக்கிறாள். கருநீலத் துணியில் ஒரு புடைப்பாக, யாரோ ஒரு வாரிசின் இடுப்பில் சட்டை மறைக்காமல் விட்ட ஒரு விரல்நுனியாக. அத்தனை சுவர்களிலிருந்தும் கழற்றிக்கொண்டுவந்து ஒட்ட வைத்தாலும் அவள் முழங்கைக்கு மேல் வரமாட்டாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. கரையில் உட்கார்ந்து, பரிசலையே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னாள்: "நாந்தான் மூணு வருசமா கேட்டுட்டு இருக்கேன். புள்ள வளந்துட்டே போகுது, ஒண்ணு புடிங்க, ஒண்ணு புடிங்கன்னு. ஊரான் ஊட்டுக் கழுதைக்கு நேரமிருந்துச்சு."

பரிசல்காரர்கள் நீண்ட மூங்கிலை மடுவுக்குள் இறக்கித் துழாவினார்கள். எதிலாவது தட்டுப்பட்டால் நிறுத்துவார்கள். அவர்கள் நிறுத்தும்போதெல்லாம் நானும் எழுந்து நின்றேன். ஒரு முறை மாலை வந்தது. ஒரு முறை யாரோ விட்ட முளைப்பாரிச் சட்டி. இன்றைக்கும் தண்ணீருக்குள் கழி இறங்குகிற சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்; வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை.

கரையில் என் பக்கத்தில் என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தன் முறை வரும் என்று மாட்டியவர், களேபரத்தில் கழற்றவில்லை. வெகுநேரம் மரியாதையாகப் பொறுத்திருந்துவிட்டு, என் காதருகே குனிந்து, "புள்ள கெடைச்சுரும், கவலப்படாதீங்க. வெளிச்சம் போயிட்டிருக்குது. என்னுத இன்னைக்கு எடுத்துருவீங்களா?" என்றார். நான் அவரை அடிக்கவில்லை. எத்தனையோ சாவு வீடுகளில், பிணத்தை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டிருந்தவர்களிடம் நானும் இதே குரலில், வெளிச்சம் போகிறது, கொஞ்சம் சீக்கிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

சூரியன் தென்னைக்குக் கீழே இறங்கியபோது பரிசல்காரர்கள் கரையேறினார்கள். மூத்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆத்துக்குக் கீழ, வேலூர்ப் பக்கம் கரை ஒதுங்குதான்னு பாக்கச் சொல்லி உடறமுங்க" என்றார். அதன் பொருள் எனக்குப் புரிந்தது. மனைவிக்கும் புரிந்தது. அவள் எழுந்து, மணலில் வைத்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்து, மூடியைச் சரியாக மூடினாள்.

அப்போதுதான் தோப்பு ஓரமாக ஒரு வில்வண்டி வந்து நின்றது. காலையில் பேரனின் ஆயுசைப் பற்றிக் கேட்ட பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் மாம்பழக் கலர் பாவாடை. கையில் இலையில் சுற்றிய கச்சாயப் பலகாரம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மனைவி ஓடினாள்.

"உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானப்பா போனேன்" என்றாள் மகள், அம்மாவின் தோளுக்கு மேலாக. "கொழந்தைய வண்டி வரைக்கும் தூக்கிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். 'ம்'ன்னீங்க."

பெரியவர் என் முன்னால் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், பரிசலைப் பார்த்தார், நடந்தது விளங்கியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க போட்டோக்காரரே. எம் பேரன் இந்தப் புள்ள கைய உட மாட்டேன்னு ஒரே அழுகை. இதும் வண்டியில ஏறிக்கிச்சு. சாயங்காலம் வண்டி இந்தப் பக்கமா வாரப்ப இதையும் ஏத்தித் தாட்டி உட்டாப் போச்சுன்னு இருந்தோம். ஊட்டுல போயி, அப்பா தேடுவாருன்னு அழுவுது. ஆரு சாமி உங்கப்பன்னு கேட்டா, உங்களச் சொல்லுதுங்க! எங்களுக்கு எப்படிங்க தெரியும்? காத்தாலிருந்து மரத்தடியில உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தோம். அத்தன நேரத்துல ஒருக்காகூட நீங்க கண்ணுன்னு கூப்புடலீங்களே. கூலிக்கு வந்த புள்ளைன்னுதானுங்க நெனச்சோம். நல்ல கை. எங்கூட்டு வேலைக்கே கேட்டுப் பாக்கலாம்னு இருந்தோம்."