பெரிய கிளாக்கரின் இன்பொக்ஸ்

அடுத்த திங்கட்கிழமை நான் கொழும்பில் இருந்தாக வேண்டும். ஒரு கம்பனியின் கணினி உதவிப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. நான் கணினி வேலை பார்த்துவந்த தோட்ட ஆபீசில், தோட்ட மேனேஜரான துரையிடம் இதைச் சொன்னபோது அவர் தலை நிமிரவே இல்லை.

"மெயில் சரியா வேலை செய்யுதா?"

"இல்லீங்க சார்."

"அதச் சரி பண்ணிட்டுப் போ."

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார். நாங்கள் இருக்கும் லயத்து வீடும் தோட்டத்துடையது. "தொர போன்னு சொன்னா போ. சொல்லாமப் போனா நாளைக்கு நாந்தான் அவரு மொகத்துல முழிக்கணும்" என்றார். கத்திச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்.

மெயில் என்றால் ஆபீசின் பொது மெயில். யார் எழுதினாலும் அந்த ஒரே முகவரிக்குத்தான் வரும். அதைப் பார்ப்பவர் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர். காலையில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு எழுந்துபோவார். பிளேன் டீ ஊற்றி, அதைக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வருவார். திரையில் அந்தச் சின்ன வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். சில நாள் சுற்றிக் களைத்து வெறும் வெள்ளையாகிவிடும். மறுபடி முதலிலிருந்து.

"லைன் ஸ்லோ புள்ள. இந்த மலைக்கு இவ்வளவுதான் ஏறும்" என்பார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரவுசரில் சேர்ந்திருந்த குப்பையைத் துடைத்தேன், வேறு பிரவுசர் போட்டேன், ரூட்டரை ஜன்னலோரம் நகர்த்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே கணினியில் கிரிக்கெட் வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. அப்போதுதான் உறைத்தது. அதே சேர்வரில் சோதனைக்காக ஒரு புது மெயில் பெட்டி உண்டாக்கினேன். விரலை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. லைனில் பிழையில்லை, சேர்வரிலும் பிழையில்லை. பிழை இந்த ஒரு பெட்டியில்.

உள்ளே பார்த்தால், கிளாக்கர் இத்தனை வருடத்தில் ஒரு மெயிலைக்கூட அழித்ததில்லை. ஒரு போல்டர் கிடையாது. இயந்திரங்களின் பெரிய பெரிய படங்கள், அவற்றுக்கு வந்த பதில்கள், பதில்களோடு திரும்பி வந்த அதே படங்கள், எல்லாம் இன்பொக்சில். அதைவிடப் பெரிய கூத்து, அவர் அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் தன் முகவரியையும் சேர்த்துக்கொள்வது.

"இது எதுக்குங்க ஐயா?"

"ஆபீஸ் கொப்பி."

"அனுப்புனதெல்லாம் அது பாட்டுக்கு இன்னொரு எடத்துல இருக்குங்களே."

"அது அதோட கொப்பி. இது என்னோட கொப்பி. டைப் அடிச்ச காலத்துல மூணு எடுப்போம் புள்ள. ஒண்ணு கொழும்புக்கு, ஒண்ணு தொர பங்களாவுக்கு, ஒண்ணு ஆபீசுக்கு. நீ அப்ப பொறக்கவே இல்ல."

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டைச் சொல்லித்தான் அவருக்கு விளக்கினேன். "நீங்க தொறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள பெரட்டு நடக்குதுங்க ஐயா. இன்னைக்கு வந்த ஆளுக மட்டுமில்ல. பென்சன் போனவங்க, செத்துப்போனவங்க, அத்தன பேரையும் நிக்கவச்சு வரிசப்படுத்திட்டுத்தான் கதவத் தொறக்குது."

"செத்தவனுக்கும் பேரு போட்டுச் சம்பளம் எடுக்குதா? பழைய கங்காணி வேலையாச்சே!" சிரித்ததில் டீ அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது.

ஒரு பக்கத்தில் காட்டும் மெயில்களைக் குறைத்தேன். கடிதத்தையும் பதிலையும் கோத்துக் காட்டும் வசதியை நிறுத்தினேன். கொஞ்சம் இளகியது. மிச்சத்தை வருடவாரியாகப் போல்டர்களில் பிரிக்க வேண்டும். மாட்டிக்கொண்டது அங்கேதான். நிறைய மெயிலைத் தெரிவு செய்தால் திரை வெள்ளையாகிறது. கொஞ்சமாக எடுத்தால் வட்டம் சுற்றுகிறது. அந்தப் பெட்டியின் பாரத்தைக் குறைக்க அந்தப் பெட்டியின் வாசல் வழியாகவே போக வேண்டியிருந்தது.

பிரவுசரை விட்டுவிட்டு, கணினியிலேயே ஒரு மெயில் மென்பொருளை நிறுவிப் பெட்டியோடு இணைத்தேன். அது முதலில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும் என்றது. இறங்கத் தொடங்கியது. மழை வந்தது, கரண்ட் போனது. மறுநாளும் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே எதிர்மலை மேகத்தில் மூடிக்கிடக்க, கீழே பிரதான வீதியில் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்த வாரம் முழுக்க அந்தச் சத்தத்தை வெறுத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் வருடவாரியாகப் பிரித்து முடித்தேன். கிளாக்கர் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு எழுந்தார். நாற்காலி நகர்வதற்குள் மெயில் திறந்துவிட்டது. வெறும் கோப்பையோடு நின்றார். "இனி நான் எப்ப டீ குடிக்கிறது?"

சனிக்கிழமை காலை நான் போனபோது வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் நான் கிளம்பியபின் துரை ஏதோ பழைய மெயில் கேட்டிருக்கிறார். கிளாக்கர் தேடியிருக்கிறார், காணவில்லை. பயந்துபோய், நான் நிறுவிய அதே மென்பொருளால் ஒவ்வொரு போல்டரையும் அள்ளி மறுபடி இன்பொக்சில் கொட்டியிருக்கிறார். மென்பொருள் அருமையாக வேலை செய்திருந்தது.

"எந்த வருசம்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும் புள்ள? எனக்கு ஆளத்தான் தெரியும்."

"நான் போகக் கூடாதுன்னு செஞ்சீங்களா ஐயா?"

"நீ போறது எனக்குப் புடிக்கலதான். ஆனா அதுக்காகச் செய்யல."

மவுசை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே பிரிங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பேரு வைங்க."

கொழும்பு என்றார். ஸ்டோர் என்றார். பங்களா, ஆஸ்பத்திரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொல்ல" என்றார்.

"தொல்லையா?"

"குத்தஞ்சொல்லி எழுதுறவன எல்லாம் அதுல போடு."

அனுப்பியவர்வாரியாக அடுக்கிக் கொடுத்தேன்; ஒவ்வொருவருடையதையும் மொத்தமாக அவரே இழுத்துப் போட்டார். என் கைகள் பரபரத்தன. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆபீஸ் கொப்பியை மட்டும் விடவே மாட்டேன் என்றார். சரியென்று அதற்கும் ஒரு போல்டர் போட்டு, கொப்பிகள் தானாகவே அதில் போய் விழும்படி செய்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. பின்னேரம் பெட்டி மறுபடி சட்டென்று திறந்தது.

துரை வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கிளாக்கர் திறந்து காட்டினார், கேட்ட பழைய மெயிலையும் எடுத்துக் கொடுத்தார்.

"குட்" என்று துரை என்னைப் பார்த்தார். "இவ்வளவு நல்லா செய்ற. அப்பறம் எதுக்குக் கொழும்பு? இங்கயே இரு."

சரி செய்யாவிட்டால் போக முடியாது. சரி செய்தாலும் போக முடியாதா? கிளாக்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"புள்ள போகட்டும் தொர. நான் பாத்துக்கிறேன்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாட்டி போன் போடுறேன்."

துரை என் பக்கம் திரும்பினார். "கூப்புட்டா எடுக்கணும்."

"எடுக்கிறேன் சார்."

"அப்ப போ."

ஞாயிற்றுக்கிழமை கீழே பிரதான வீதிக்கு வந்து, ஹல்துமுல்லையில் அப்பா பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பையை மடியில் வைத்துச் சரியாக உட்காரவில்லை, போன் அடித்தது. பெரிய கிளாக்கர். ஆபீஸ் பூட்டிக்கிடக்கும் நாள் அது.

"புள்ள, கொழும்புன்னு ஒரு பெட்டி போட்டோமே. நீ அங்கருந்து எழுதுனா அதுல வந்து விழுமா?"

"விழாதுங்க ஐயா. அது ஹெட் ஆபீசுக்கு மட்டுந்தான்."

"அப்ப நீ எழுதுறது எங்க போகும்?"

"இன்பொக்சுல."

"அதுல தொலஞ்சு போயிறாதா?"

பக்கத்து இருக்கைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். பஸ் வளைவில் திரும்பியது, சிக்னல் அறுந்தது. பஸ் மலையில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் திரும்ப வரும். போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.