இந்தியக்காரன் ஒன்று

பர்மாவின் யாங்கூன் நகரத்து வீடியோ படங்களில் துணை நடிகனாகப் பிழைக்க முகம் இருந்தால் போதும், பேர் தேவையில்லை. என்னைப் போல் அடிவாங்கியே வயிறு வளர்க்கும் சக நடிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படப்பிடிப்பில் மரியாதைக்குக் குறைவில்லை. கணேசன் என்ற என் சொந்தப் பேருக்கு முன்னால் 'ஊ' போட்டுத்தான் அடிக்க வருவார்கள். ஆனால் கதைத்தாளில் நான் எப்போதும் 'இந்தியக்காரன் ஒன்று'. சாவதற்குள் பேர் உள்ள ஒரு வேஷம் போட்டுவிட வேண்டும், அதுதான் என் ஆசை.

சாயம்

லத்தா பேட்டையில் படப்பிடிப்பு. நான் கடைக் காவலாளி. அப்பா துறைமுக வெயிலில் நின்று சம்பாதித்துக் கொடுத்த நிறம் போதும் என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன். மேக்கப் போடும் மா லா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கறுப்புச் சாயத்தை எடுத்துக் காதுவரை அப்பினாள். "ஏம்மா, நான் நிஜமாவே இந்தியக்காரன்தானே?" என்று கேட்டேன்.

"இருக்கலாம் ஊ கணேசன். ஆனா பார்த்தாத் தெரியணுமே!"

வடை

நான் படித்தது, காதலித்தது, சண்டை போட்டது எல்லாம் பர்மிய மொழியில். தமிழில்தான் கொஞ்சம் தடுமாறும். டைரக்டருக்கோ இந்தியக்காரன் என்றால் பர்மிய மொழியைக் கடித்துத் துப்ப வேண்டும். டாலா படகுத்துறையில் வடைக்காரனாக நின்று, "சூடா இருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க" என்று சுத்தமான பர்மிய மொழியில் சொன்னேன். கட். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் கட்.

அங்கே நிஜமாகவே வடை விற்றுக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் வந்து, "ஐயா, நாங்க இப்படித்தான் பேசுவோம்" என்று எனக்காக வாதாடினார். அவருடைய பர்மிய மொழி என்னுடையதைவிடச் சுத்தம். டைரக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேருமே நிஜம் மாதிரி இல்லை."

மீன்

ஒரு படத்தில் கதாநாயகியை விளக்குமாற்றால் அடித்தேன். மறுநாள் தாமுவே மார்க்கெட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரம்மா டோ மியா எனக்கு முகம் கொடுக்கவில்லை. அது நடிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா கத்தியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"மீன் தர்றேன். ஆனா உன் சம்சாரத்தை வரச்சொல்லு. உடம்புல காயம் இருக்கான்னு நான் பார்க்கணும்."

மாணிக்கம்

கடைசியில் ஒரு நாள் டைரக்டரே போன் செய்தார். இந்தியக் குடும்பக் கதையாம். "மாணிக்கம்னு ஒரு அப்பா வேஷம். நீங்க இல்லாம முடியாது, தினமும் வரணும்" என்றார். பேர்! என் மகள் தேவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். புது லோஞ்சி கட்டிக்கொண்டு போனேன்.

மேக்கப் நாற்காலியில் பிரபல பர்மியக் காமெடி நடிகர் உட்கார்ந்திருந்தார். மா லா அவருக்குக் காதுவரை சாயம் அப்பிக்கொண்டிருந்தாள். மாணிக்கம் அவர்தான். அவருக்கு இந்தியக்காரன் மாதிரி தலையாட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. அழுதால் அதற்கும் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அழுகையை விழுங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். அவர் தலையைப் பம்பரமாகச் சுழற்றியதும் செட்டே விழுந்து விழுந்து சிரித்தது. டைரக்டர் என் தோளில் கை போட்டார்.

"நல்லாப் பார்த்துக்கங்க ஊ கணேசன். இதுதான் இந்தியக்காரன்!"

இத்தனை வருஷ நடிப்பில் நான் ஒழுங்காகச் செய்யாத ஒரே வேஷம் நான்தான் போலிருக்கிறது.