மதாம் வீட்டு வசந்தம்

அம்மா உப்பளம் பகுதியில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்காரர் பிறந்தது இங்கே, வாழ்வது பிரான்சில். பிரெஞ்சுக்காரர்கள் பெண்களை அழைக்கிற மாதிரி தெருவில் எல்லோருக்கும் அவர் மதாம். அங்கே குளிர் ஏறும்போது கார்த்திகையில் வருவார், பங்குனியில் திரும்புவார். கிளம்புவதற்கு முன் வாசல் தோட்டத்தை வசந்தத்துக்குத் தயார் செய்தாக வேண்டும். அவர் ஊரில் அது வசந்தம் தொடங்கும் நேரம். எங்களுக்கு வெயில் தொடங்கும் நேரம்.

பாத்தியைக் கொத்தி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து, நர்சரியிலிருந்து பெட்டூனியா என்கிற குளிர்காலப் பூச்செடியின் நாற்று வாங்கி வைப்போம். மதாம் இருக்கும்வரை பூக்கும். சித்திரையில் கருகிவிடும். அம்மா சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று ஒவ்வொரு வருடமும் மதாமிடமிருந்து போனில் பேச்சு வரும். அம்மா இரண்டு வேளையும் ஊற்றுகிறவள். ஆனாலும் மறுத்துப் பேசியதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் பிரெஞ்சும் படித்தேன். போன வருடம் மாசிக் கடைசியில் பாத்தி கொத்த அம்மாவோடு போனபோது, மதாமிடம் நானே பேசினேன். பெட்டூனியா வேண்டாம் என்று பிரெஞ்சில் தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

“பெட்டூனியா வேணாம்னா வேற என்னா வைக்கறது?”

“அரளி வைக்கலாம், மதாம். வெயில் தாங்கும்.”

“அரளியா? அது பைபாஸ் நடுவுல வைக்கறதாச்சே! எங்க வூட்டு முன்னால லாரியா போவுது?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து மண்ணைக் கிளறினாள்.

“நீங்க போனப்புறம் பூவு கருகுது. திட்டு அம்மாவுக்கு விழுது,” என்றேன்.

“ஏய், சும்மா இருடி,” என்றாள் அம்மா.

மதாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா வாய் இருக்குது ஒனக்கு. சரி, மதில் ஓரமா அரளி வச்சிக்கோ. பாத்தி ரெண்டும் பெட்டூனியாதான், நான் பாத்துட்டுப் போவணும். கருகிச்சின்னா ஒங்கம்மாவ கேக்க மாட்டேன். ஒன்னத்தான் கேப்பேன்.”

“கேளுங்க.”

திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து அம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

“நாலு எழுத்து படிச்சிட்டா யாருகிட்ட வேணா பேசிடுவியா? வேலைய வுட்டு நிறுத்திட்டாங்கன்னா நீ சோறு போடுவியா?”

“போடுவேன்.”

“கிழிச்ச.”

சித்திரையில் பெட்டூனியா கருகியது. அம்மா பழைய சாக்கை நனைத்து மேலே பந்தலாகக் கட்டிப் பார்த்தாள். பலனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதாம் போன் செய்தார். அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

“பூவு எப்பிடி இருக்குது?”

“பாத்தி ரெண்டும் போச்சு, மதாம். அரளி நிக்குது.”



“பூ வுட்டுச்சா?”

“ரெண்டு கொத்து.”

“என்னா கலரு?”

“ரோஸ்.”

“போட்டோ அனுப்பு,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னப் பத்தி கேட்டாங்களா?”

“இல்ல.”

“கேட்டிருப்பாங்க. நீதான் சொல்ல மாட்டேங்கற.”