கூட்டக் கூடாத சருகு

கண்டிக்காரர்கள் தங்கள் உடவத்தகலைக் காட்டைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மாத்தளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், எங்களுக்கும் ஒரு காடு இருக்கிறது. ஒற்றையடிப் பாதை, பாறையில் வழியும் ஓடை, மழைக்காலத்தில் இலவசமாக அட்டைக்கடி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் மனைவிக்குச் சீனி வருத்தம் முற்றியபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பஸ் ரோட்டில் நடக்க வெட்கம், வீட்டைச் சுற்றி நடக்கச் சலிப்பு. இன்சுலின் ஊசி போட வேண்டி வரும் என்று அவர் மிரட்டியும் அவள் அசையவில்லை. கடைசியில் அவளை நடக்க வைத்தது ஓர் ஆறுமணிக் குருவி. ஐப்பசி மழையோடு இந்தியாவிலிருந்து வந்து பங்குனி வரை தங்குகிற பறவை. முதுகில் பச்சை, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. அந்தியில் ஓடையோரம் சருகைப் புரட்டிப் புழு தின்னும். அதைப் பார்க்கவென்றே அவள் நின்று நின்று ஏறத் தொடங்கினாள். அது இடையில் போய்விட்டால் இவளும் வீட்டோடு முடங்கிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், எல்லோரும் கூடிக் காட்டைச் சுத்தம் செய்ய ஊர்ச் சங்கம் சிரமதானம் வைத்தது. எங்கள் ஊரில் சுத்தம் என்றால் சருகில்லாத முற்றம்தான். இலை விழுந்து கிடப்பதைக் கண்டால் எல்லோருக்கும் கை அரிக்கும். சிங்களவர், தோட்டத்துத் தமிழர், முஸ்லிம்களான நாங்கள் என்று ஒற்றுமையாகச் சேர்ந்து காட்டையே கூட்டத் தொடங்கிவிட்டோம். குவியல்களை எரிக்க நெருப்புப் பெட்டியும் வந்துவிட்டது.

விளக்குமாறுகள் ஓடையை நெருங்கியதும் என் மனைவி குறுக்கே போய் நின்றாள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லவே கூச்சப்படுகிறவள், சங்கத் தலைவரைச் சிங்களத்தில் பிடி பிடியென்று பிடித்தாள். எங்கள் விருந்துகளில் பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுக்குச் சஹன் என்று பெயர். அதைத்தான் இழுத்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மாத்தயா, எங்க கலியாணத்துல நீங்க சஹன்ல சாப்பிட்டிருக்கீங்க தானே? விருந்தாளி வந்து குந்தின பொறகு, சோத்தோட சஹனைத் தூக்கிக் கழுவப் போவாங்களா? அந்தக் குருவிக்கு இந்தச் சருகுதான் சஹன்."

தலைவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெண் ஒருத்தி, "அக்கா சொல்றது சரிதாங்க. பொலித்தீனை மட்டும் பொறுக்குவோம், வாங்க" என்று சொல்லி, தான் கூட்டிய குவியலைத் தானே அள்ளிப் பரப்பினாள். அவளைப் பார்த்து எல்லோரும் அள்ளினார்கள். கூட்டியவர்களே திரும்பக் குப்பையைக் கொட்டிய சிரமதானம் உலகில் வேறெங்கும் நடந்திருக்காது. அன்று என் ஊரை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பங்குனிக்கு முன் குருவி போகவில்லை. மனைவியும் நடையை விடவில்லை. டாக்டர் ஊசிப் பேச்சை எடுப்பதேயில்லை. போன வாரம் ஏற்றத்தில் அவள் விறுவிறுவென்று போய்விட, நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து இறங்கி வந்த ஒருவர், "முன்னுக்குப் போறது யாருங்க?" என்று கேட்டார். எனக்கு மேல்மூச்சு வாங்கியது. ஆனாலும் காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"என்ட பொஞ்சாதி!"